ஏழு ஞாயிறும் இருபத்துநாலு கட்டமும்

மாடிப்படியைப் பார்த்தாலே முழங்கால் முணுமுணுக்கிற என் வயசுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். சின்னவர்களிடம் ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே அவர்கள் கை போனுக்குப் போய்விடுகிறது.

போன வாரம் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வேண்டுகோள் வந்தது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருவருகைக் காலக் கைவேலை வேண்டும், யாராவது தேடிக் கொடுங்கள் என்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களை நாங்கள் திருவருகைக் காலம் என்போம், ஆண்டவர் வரப்போகிறார் என்று காத்திருக்கிற காலம். கேட்டதுதான் தாமதம், படமாக வந்து குவிந்துவிட்டது. பனிமனிதன், கம்பளிக் குல்லா, கலைமான், பைன் மரத்துக் காய். வகுப்பெடுக்கிற என் மருமகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கத்தை, பைன் காய்க்கு நான் எங்கீங்க போறது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதுக்குச் சிரிக்கிறீங்க என்று கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை, குக்கர் விசிலடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல இருந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயசு. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை கிட்டத்தில் தெரிகிற ஒரு தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வளவு. பதினைந்து வீடுகள். எல்லாரும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், அதில் பாதிப் பேர் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பங்குக் கோயிலுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பு. ஒரு பக்கம் கடைவீதிப் பிள்ளைகள், சாக்ஸ் போட்டவர்கள். இன்னொரு பக்கம் நாங்கள், செம்மண் போட்டவர்கள்.

வகுப்பெடுத்த டீச்சர் மற்ற நாட்களில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தார். அவர் கையில் பழுப்புக் காகித அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கும், வருகை நோட்டு. வந்தவர்களுக்கு நீல மையில் ஒரு கோடு. வராதவர்களுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. அந்த இரண்டு பேனாவையும் அவர் கொண்டையில் குத்திக்கொண்டு வருவார். எங்களுக்கு ஜெபம் மறந்தாலும் அந்தச் சிவப்புப் பேனாவின் மூடி மறக்காது.

பிள்ளைகள் முதன்முதலாகப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதைப் புதுநன்மை என்று சொல்வோம். வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், கையில் மெழுகுவர்த்தி. எங்கள் பங்கில் அதை ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று கொடுப்பார்கள். டீச்சரின் சட்டம் ஒன்றே ஒன்று: மூன்று ஞாயிறுக்கு மேல் வகுப்புக்கு வராதவர்களுக்கு அந்த வருஷம் புதுநன்மை கிடையாது. அதற்கு முந்தைய வருஷமே நான் அந்தச் சட்டத்தில் விழுந்து நின்றுபோனவள். அம்மா எனக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளை கவுனை அந்த வருஷம் மடிப்புப் பிரித்து நீளமாக்கியாயிற்று. இனிப் பிரிக்க மடிப்பு இல்லை. இன்னொரு வருஷம் தள்ளிப்போனால் அது எனக்கு ரவிக்கையாகத்தான் ஆகும் என்று என் சித்தி மகள் கணக்குச் சொன்னாள்.

அந்த ஐப்பசி முடிவதற்குள் என் பெயருக்கு நேரே ஏழு சிவப்புச் சுழி.

ஏன் என்றால் வெங்காயம். ஆடியில் நட்ட சின்ன வெங்காயம் எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் வந்து நின்றது. திங்கட்கிழமை சந்தைக்கு லாரி ஏற வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பிடுங்கி, மேலே நிற்கிற தண்டை, அதாவது தாளை, அறுத்தாக வேண்டும். தாள் அறுக்கச் சின்ன விரல்கள்தான் தோது என்று பிள்ளைகளையும் கூட்டிப்போவார்கள். ஈர மண்ணில் சாக்கை விரித்து உட்கார்ந்து, இடது கையில் கொத்து, வலது கையில் அருவாமணையின் உடைந்த துண்டு. மத்தியானத்துக்குள் கண் எரிந்து எரிந்து மரத்துப்போகும். கையில் அந்த வாசம் புதன்கிழமை வரைக்கும் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள் அதுவரை ஒரு முழம் தள்ளி உட்காருவாள்.

டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க புள்ளைக்குப் பக்தி பத்தாதுங்க. ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் குடுக்க முடியாதா?" என்று கேட்டார். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, "சரீங்க டீச்சர்" என்றாள்.

எனக்கு அன்றைக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் எது சொன்னாலும் 'சரீங்க'. தோட்ட முதலாளி பண்ணாடி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் சரீங்க, டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் சரீங்க. இரண்டு சரீங்கவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது நான். டீச்சர் பேரில் இன்றைக்கு எனக்கு வருத்தம் இல்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவருக்கு எங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த நோட்டில் இருந்ததுதான்.

ஏழாவது சுழி விழுந்த ஞாயிற்றுக்கிழமைதான் டீச்சர் வகுப்பில் திருவருகைக் காலம் என்றால் என்ன, யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். நான் வெங்காயக் காட்டில் இருந்தேன். அடுத்த ஞாயிறு நான் போனபோது விளக்கமெல்லாம் முடிந்து, வேலை மட்டும் சொன்னார்.

"டிசம்பர் ஒண்ணாந்தேதியில இருந்து ஆளுக்கொரு வருகை அட்டை செய்யோணும். இருவத்துநாலு கட்டம் போடுங்க. தினம் ஒரு கட்டம். அன்னன்னைக்கு ஏதாச்சும் ஒண்ணு தேடி அதுல ஒட்டுங்க. இருவத்துநாலாந்தேதி ஞாயித்துக்கெழம பூசைக்குப் பொறவு ஃபாதர் பாப்பாரு. நல்லாச் செஞ்சது குடிலுக்குப் பக்கத்துல நிக்கும்."

வருகை அட்டை. நீங்களே சொல்லுங்கள், பத்து வயசில் உங்களுக்கு வருகை என்றால் என்ன? எனக்கு வருகை என்றால் ஒன்றுதான், அந்த நோட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி மகளின் காதில், "அதென்ன புள்ள வருகை அட்டை?" என்றேன். அவள் அப்பாவுக்கு டீக்கடை, அதனால் அவள் காட்டுக்கு வராதவள், வகுப்புத் தவறாதவள். போன வாரம் டீச்சர் விளக்கிச் சொன்னபோது புங்கங்காயை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"உன்னையாட்டம் வராதவிய இருக்காங்கல்ல, அவியளுக்கு இன்னொரு சான்ஸு" என்றாள். இன்றைக்கும் அவள் அப்படித்தான். தெரியாததைத் தெரிந்ததைவிடத் தெளிவாகச் சொல்வாள்.

இருந்தாலும் நான் உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் டீச்சர் பின்னாலேயே போய், "ஏனுங்க டீச்சர், இந்த அட்டையச் செஞ்சா வருகை கெடைச்சுருங்களா?" என்று கேட்டேன்.

டீச்சர் நின்று என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கட்டாயம் கெடைக்கும். நீ உண்மையாச் செஞ்சீன்னா அந்த வருகை உன்ற ஊட்டுக்கே வரும்" என்றார். எனக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு வந்தது வேறு. ஏழு சுழியையும் இருபத்துநாலு கட்டத்தால் அடித்துவிடலாம் என்ற தைரியம் வந்தது. மூன்று மைலும் குதித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தினம் கோயிலுக்குப் போக முடியாது. அப்படியென்றால் இருக்கிற இடத்தில் இருந்தே வருகை கொடுக்க வேண்டும். நான் இன்ன இடத்தில் இருந்தேன் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். அதற்குத்தான் டீச்சர் ஏதாச்சும் ஒன்றை ஒட்டச் சொல்கிறார். ஆண்டவருக்கும் டீச்சருக்கும் நடுவில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. தினமும் எங்கே இருக்கிறேனோ அங்கே நின்று ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்வேன், அந்த இடத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்று முடிவு செய்தேன்.

கடைவீதிப் பிள்ளைகள் தர்மாகோலும் ஜிகினாத்தாளும் வாங்கினார்கள். பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை வெட்டினார்கள். சித்தி மகள் டீக்கடைக்கு வந்த பிஸ்கட் டப்பாவின் தங்க நிறத் தாளைச் சேர்த்து வைத்தாள். என்னிடம் தோப்பில் விழுந்து கிடந்த பாக்கு மட்டை இருந்தது. மூன்று மட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, கல்லை ஏற்றிச் சமமாக்கினேன். அம்மா கோணி ஊசியில் சணல் கோத்து மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

"எதுக்கு கண்ணு இது?" என்றாள்.

"வருகைக்கும்மா."

கரித்துண்டால் ஒரு மட்டைக்கு எட்டுக் கட்டம் வீதம் நான் கோடு போட, அம்மா விளக்கைத் தள்ளி வைத்து எனக்கு வெளிச்சம் விட்டாள். ஒட்டுவதற்கு வேலமரத்துப் பிசினைச் சுரண்டி வந்து வெந்நீரில் கரைத்து வைத்தேன்.

ஒன்றாம் தேதி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காட்டில் வெங்காய நடவு. அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று என் முதல் கட்டம். இரண்டாம் தேதி சோளக்காட்டில் கிளி விரட்டினேன், நாலு சோளமணி. மூன்றாம் தேதி ஞாயிறு, வகுப்பு நடந்த புங்க மரத்தின் இலை. அப்புறம் அரையாண்டுப் பரீட்சை வந்தது, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டு ஒன்று. மோட்டார் ரூமில் தண்ணி திருப்பிவிடக் காத்திருந்த அன்றைக்குக் கிரீஸ் துடைத்த துணியில் கொஞ்சம். மொச்சைப் பூ ஒட்டினேன், மறுநாளே கறுத்துவிட்டது. காய்ச்சலில் படுத்திருந்த அன்று, பாயிலிருந்து ஒரு கோரையை உருவி ஒட்டினேன். பாயிலிருந்து உருவினதற்கு அம்மாவிடம் ஒன்று வாங்கினேன், அதை ஒட்ட முடியவில்லை.

வாடைக் காற்று தொடங்கிவிட்டது. பாலக்காட்டுப் பக்கமாகப் போகிற அந்தக் காற்றில் தென்னை ஓலைகள் விடாமல் சலசலக்கும். காலையில் மலை இருக்கிற இடமே தெரியாது, எட்டு மணிக்கு மேல்தான் மெதுவாக வெளியே வரும். அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்று வேகவேகமாக அருள் நிறைந்த மரியே சொல்வேன். இப்போது வசதியாக உட்கார்ந்து சொல்கிற ஜெபம் ஒன்றுகூட அந்த அளவுக்குச் சுத்தமாக எனக்கு வருவதில்லை.

பதின்மூன்றாம் தேதி யானைகள் இறங்கிவிட்டன. விடிந்து பார்த்தால் வாழைத் தோப்பில் பாதி படுத்துக் கிடக்கிறது. பள்ளிக்கூடம் போகிற இட்டேரிப் பாதையில், வேலிக்கு அந்தப் பக்கம் ஒற்றை யானை இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் தகர டின்னைத் தட்டிக்கொண்டு எங்களைப் போகவிடாமல் நிறுத்திவிட்டார்கள். அது போகும்வரை நான் பத்துத் தடவை ஜெபம் சொல்லியிருப்பேன், அன்றைக்கு மட்டும் வருகைக்காக அல்ல, உயிருக்காக. போனதும் பாதை நடுவில் அது விட்டுப்போன லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. உள்ளே எல்லாம் சோளத்தட்டு நார். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? ஒரு பிடி எடுத்து வெயிலில் காயவைத்து ஒட்டினேன்.

பதினெட்டாம் தேதி மறந்துபோனேன். சுத்தமாக மறந்துபோனேன். மறுநாள் காலையில் நினைவு வந்ததும் சித்தி மகளிடம் ஓடினேன்.

"பொடக்காளியில ஏதாச்சும் ஒண்ணப் பிடுங்கி ஒட்டு புள்ள, ஆரு பாக்கறா?" என்றாள் அவள், வீட்டுக் கொல்லைப்புறத்தைக் காட்டி.

எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் வருகை போட்டது தெரிந்தால் இருபத்துநாலும் போய்விடுமே என்று பயம். கடைசியில் அம்மாவின் பழைய சேலையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து வட்டமாக வெட்டி அந்தக் கட்டத்தில் ஒட்டினேன். ஆப்சென்ட். நானே எனக்குப் போட்டுக்கொண்டேன். அன்றைக்குப் பட்ட வருத்தத்தில் பாதிகூட டீச்சர் போட்ட ஏழு சுழிக்கு நான் படவில்லை.

இருபத்துநாலாம் தேதி வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பண்ணாடி இரண்டு நாள் வேலை இல்லை என்று சொல்லியிருந்ததால் வளவில் இருந்த எங்கள் சனம் எல்லாமே கோயிலுக்கு நடந்தது. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, நாலைந்து பெண்கள். மட்டையைப் பழைய வேட்டியில் சுற்றி என் தலையில் வைத்துக்கொண்டு போனேன். காற்றடிக்கும்போதெல்லாம் யாராவது, "ஏனம்மணி, தலையில என்ன வெச்சிருக்கற, இப்படி நாறுது?" என்றார்கள். சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை.

பூசை முடிந்தது. பீடத்துக்குக் கீழே, குழந்தை இயேசுவை வைப்பதற்காகப் பாதி வேலையில் நின்ற குடில், வைக்கோலும் பாசியும் கசக்கிய காகித மலையும். அதற்கு முன்னால் நீள பெஞ்சு. அட்டைகளை வரிசையாக வைத்தார்கள். ஜிகினா நட்சத்திரம், பஞ்சு ஆடு, குழந்தை இயேசு, தேவதூதர், கட்டத்துக்குக் கட்டம் பளபளப்பு. ஒன்றில்கூட யாரும் எங்கே இருந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி இல்லை. இவர்கள் எல்லாருக்கும் வருகை போச்சு என்று பரிதாபப்பட்டேன்.

நான் வேட்டியைப் பிரித்ததும் டீச்சர் மூக்கைப் பிடித்தார். முதல் கட்டத்து வெங்காயம் பிசின் ஈரத்தில் முளைத்து, விரல்நீளம் பச்சையாக நிமிர்ந்து நின்றது. "என்ன புள்ள இது? பெஞ்சுக்கு அடியில வையி, அடியில வையி" என்று அவசரமாகக் கையைக் காட்டினார். வைத்தேன்.

ஃபாதர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், குனிந்து குனிந்து பார்த்தார், எல்லாவற்றுக்கும் நல்லாருக்கு என்றார். என் பக்கம் வந்ததும் நின்றார். "வெங்காய வாசம் எங்கிருந்து வருது?" என்று கேட்டுவிட்டுக் கீழே குனிந்து மட்டையை அவரே எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார்.

"இது ஆருது?"

"என்றதுங்க சாமி."

"இதென்ன கண்ணு?"

"வெங்காயமுங்க. ஒண்ணாந்தேதி நடவுல இருந்தேனுங்க. மொளச்சுப்போச்சுங்க."

"இது?"

"யானை போட்டதுங்க."

கோயில் முழுக்கச் சிரித்தது. ஃபாதரும் சிரித்தார், ஆனால் விரலை எடுக்கவில்லை. "யானை போட்டத எதுக்கு ஒட்டுன?"

"அன்னைக்கு அது வழியில நின்னுபோச்சுங்க. அங்கயேதான் நின்னு ஜெபம் சொன்னேனுங்க. அதுக்குச் சாட்சிங்க."

அவர் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்து சிவப்புத் துணியில் நிறுத்தினார். "இது?"

"அன்னைக்கு மறந்துபோட்டேனுங்க. ஆப்சென்டுங்க."

"ஆரு ஆப்சென்ட்?"

"நாந்தானுங்க."

டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஃபாதர், இந்தப் புள்ள தப்பாப் புரிஞ்சுட்டாளுங்க. நான் ஆண்டவரோட வருகைன்னு சொன்னேன். இவ தன்னோட வருகைன்னு நெனச்சுட்டு வருகை நோட்டு செஞ்சுபோட்டாளுங்க."

இந்தத் தடவை சிரிப்பு அடங்கவே இல்லை. பின்னால் ஆண்கள் பக்கத்தில் யாரோ தும்மித் தும்மிச் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. இருபத்துமூன்று நாள், மூன்று மட்டை, அத்தனை ஜெபம், எல்லாம் தப்பு. வருகை கிடைக்காது. கவுன் ரவிக்கைதான். மட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன், ஃபாதரின் கை அதன் மேல் இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. கடைசிக் கட்டத்தைத் தட்டினார். அதில் எதுவும் இல்லை.

"இது ஏன் காலியாக் கெடக்குது?"

அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னேன். "அது இன்னைக்குங்க சாமி. இன்னைக்குத்தான் நேர்லயே வந்துட்டனுங்களே."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஃபாதர் டீச்சர் பக்கம் திரும்பி, "ஆண்டவர் நேர்லயே வர்றாருன்னு நாலு ஞாயிறா நான் பிரசங்கத்துல இதத்தான் சொல்லப் பாத்தனுங்க டீச்சர். எனக்கு இவ்வளவு சுருக்கமா வரல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் திட்டவில்லை என்பது புரிந்தது.

அவர் வருகை நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். என் பெயர் வரிசையில் விரல் ஓடி நின்றது. "ஏழு ஞாயிறு எங்க போன கண்ணு?"

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றாள். வழக்கமான 'சரீங்க'தான் வரப்போகிறது என்று நினைத்தேன். கோயிலுக்குள் அம்மா வாய் திறந்து பேசி நான் கேட்டதே கிடையாது.

"வெங்காயக் காட்டுலதானுங்க சாமி. திங்கக்கெழம சந்தைக்கு லாரி ஏத்தோணும். புள்ளை கையி சின்னது, தாள் அறுக்கத் தோதுன்னு நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். நாங்களும் அந்த ஏழு ஞாயிறும் பூசைக்கு வரலீங்க. அவ பேர்ல தப்பில்லீங்க. செவப்பு மையி போடறதுன்னா எனக்குப் போடுங்க."

அம்மாவின் குரல் நடுங்கவே இல்லை. அவளுக்கு இத்தனை வார்த்தை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை இந்த வயசிலும் எனக்கு ஒரு சுற்றுக்கூடக் குறையவில்லை.

ஃபாதர் மட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய்க் குடிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். வெங்காயத் தாள் வைக்கோல் கூரையை உரசிக்கொண்டு நின்றது. "இது இங்க நிக்கட்டும். மூணு ராஜாக்கள் திருநாளுக்கு இந்தப் புள்ளையும் வரிசைல நிக்கட்டும்" என்றார். பிறகு நோட்டை டீச்சரிடமே திருப்பிக் கொடுத்தார். "அந்த ஏழு நாளையும் இன்னொருக்காக் கூப்புடுங்க டீச்சர்."

டீச்சர் கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். முதலில் சிவப்பு வந்தது, அதைத் திரும்பச் செருகிவிட்டு நீலத்தை எடுத்தார். மூடியைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்து, முதல் தேதியைச் சொல்லி, என் ஞானஸ்நானப் பெயரை முழுசாகக் கூப்பிட்டார்.

"உள்ளேனுங்க டீச்சர்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

சிவப்புச் சுழியின் மேல் நீலக் கோடு விழுந்தது. இரண்டாவது தேதி. "உள்ளேனுங்க டீச்சர்." இந்தத் தடவை கேட்டது. மூன்று, நான்கு. சித்தி மகள் ஜிகினாக் கையோடு என் முதுகில் குத்தி, "சத்தமா" என்றாள். ஐந்தாவதுக்கு நான் கத்திய கத்தலில் குடில் செய்துகொண்டிருந்தவர் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஆறாவதுக்கு டீச்சரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்.

ஏழாவது தேதியைச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து, இன்னும் நின்றுகொண்டே இருந்த அம்மா, "உள்ளேனுங்க" என்றாள்.

அத்தை எழுந்தாள். "உள்ளேனுங்க சாமி." பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து, "உள்ளேனுங்க" என்றாள். பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அந்த ஏழு ஞாயிறும் என்னோடு காட்டில் உட்கார்ந்து கண் எரியத் தாள் அறுத்தவர்கள் அத்தனை பேரும் ஒவ்வொருவராக எழுந்து நின்று சொன்னார்கள். டீச்சரின் நோட்டில் அவர்கள் ஒருவர் பெயர்கூடக் கிடையாது. டீச்சர் நீலப் பேனாவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, கடைசிப் பெண் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.